பெடல் ஸ்டீல் கிட்டார்: இயந்திர அமைப்பு குறித்த ஒரு மதிப்பீடு

பெடல் ஸ்டீல் கிட்டார் கைகள், பாதங்கள், முழங்கால்கள் எல்லாம் சேர்ந்து வாசிக்கும் மின்னிசைத் தந்திக்கருவி. நான்கு கால்கள்மேல் மேசைபோலக் கிடைமட்டமாக நிற்கும். வாசிப்பவர் அதன்முன் அமர்ந்து இடக்கையில் பிடித்த உருளை வடிவ எஃகுத்துண்டைத் தந்திகள் மேல் நகர்த்துவார். வலக்கை விரல்களில் அணிந்த நகமுனைகளால் மீட்டுவார். அதேநேரம் பாதத்தால் பெடல்களை மிதித்தும் முழங்காலால் லீவர்களைத் தள்ளியும் குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை மட்டும் உயர்த்துவார் அல்லது தாழ்த்துவார். அமெரிக்க கண்ட்ரி இசையின் அடையாள ஒலிகளில் ஒன்று இக்கருவி.

பெடல் ஸ்டீலின் இயந்திர வரலாறு பெரும்பாலும் முன்னேற்றத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. தொடக்ககால இயந்திரங்கள் முரட்டுத்தனமானவை, பின்னால் வந்த 'முழு இழுப்பு' அமைப்பு சிக்கலைத் தீர்த்துவிட்டது என்பது அதன் சுருக்கம். இது பாதி உண்மை. முழு இழுப்பு அமைப்பு சுருதி சேர்ப்பதை எளிதாக்கியது. ஆனால் சுருதி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் வழியைச் சரிசெய்வது எளிதாகவில்லை. அதிலுள்ள பிழை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

பின்னணி

மடியில் கிடத்தி எஃகுத்துண்டால் வாசிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாயில் தோன்றியது. ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான கோட்டுவாத்தியமும் தந்திமேல் உருட்டி வாசிக்கப்படுவதே. ஆனால் கோட்டுவாத்தியத்தில் ஒரு ராகத்தின் ஒற்றை இழை நகர்கிறது. ஹவாய் கிட்டாரிலோ ஒரே வேளையில் மூன்று நான்கு தந்திகள் சேர்ந்து ஒலித்து கார்டு எனப்படும் சுரக்கூட்டை உருவாக்குகின்றன. நேரான எஃகுத்துண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே அளவில்தான் உயர்த்தும். அதனால் கருவியின் திறந்த சுருதி எந்தச் சுரக்கூட்டைத் தருகிறதோ அதே வகைக் கூட்டுதான் எல்லா இடத்திலும் கிடைக்கும். துண்டைச் சாய்த்துப் பிடித்து இன்னும் சில கூட்டுகளைப் பெறலாம். அதற்கும் எல்லை உண்டு. வேறு சுருதி வேண்டுமென்றால் இன்னொரு கழுத்து வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகள் கொண்ட கருவிகள் அப்படித்தான் உருவாயின.

கழுத்துகளைக் கூட்டுவதற்குப் பதிலாக ஒரே கழுத்தின் சுருதியை மாற்றும் முயற்சியே பெடல். கிப்சன் நிறுவனத்தின் எலக்ட்ராஹார்ப் முதலிய கருவிகள் இவ்வழியில் வந்தன. கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி 1948இல் ஸ்பீடி வெஸ்டுக்காகப் பெடல் ஸ்டீல் ஒன்றைச் செய்தார். இக்கட்டத்தில் பெடல் பெரும்பாலும் ஒரு சுருதியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வழியாகவே இருந்தது. தந்தி ஒலிக்காத இடைவெளியில் மிதித்துவிட்டு அடுத்த கூட்டை மீட்டினால் போதும்.

திருப்பம் 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில் நிகழ்ந்தது. அதில் பட் ஐசக்ஸ் தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். சுரக்கூட்டின் ஒரு பகுதி அசையாமல் நிற்க, மற்றொரு பகுதி மேலேறிச் செல்வது கேட்பவர் காதில் விழுந்தது. கையால் இதைச் செய்ய முடியாது. ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்த மாற்றத்தை 1950களின் நடுப்பகுதியில் பட்டி எம்மன்ஸும் ஜிம்மி டேயும் இரண்டு பெடல்களாகப் பிரித்தனர். இப்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நகர முடிந்தது.

இந்தத் திருப்பம் இயந்திரத்தின் கடமையையே மாற்றியது. அதுவரை பெடல் சரியான சுருதியில் போய் நின்றால் போதுமாக இருந்தது. அதன்பிறகு போகும் வழியும் இசையாயிற்று. பெடல் ஸ்டீலின் எந்த இயந்திர அமைப்பையும் மதிப்பிட வேண்டிய அளவுகோல் இதுதான்.

நுண்ணளவுகள்

இன்றைய வழக்கமான அமைப்பு 'ஈ9' எனப்படும் பத்துத் தந்திச் சுருதி. இதில் முதல் பெடல் ஐந்தாம், பத்தாம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு உயர்த்துகிறது. இரண்டாம் பெடல் மூன்றாம், ஆறாம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு உயர்த்துகிறது. மூன்றாம் பெடல் நான்காம், ஐந்தாம் தந்திகளை உயர்த்துகிறது. முழங்கால் லீவர்கள் நான்காம், எட்டாம் தந்திகளின் ஈ சுரத்தை அரைச்சுரம் மேலேயும் கீழேயும் நகர்த்துகின்றன. வேறு சில மாற்றங்களும் உண்டு.

இந்த நகர்வுகள் எவ்வளவு சிறியவை என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐந்தாம் தந்தி 0.017 அங்குலத் தடிமன் கொண்ட எஃகு. 24 அங்குல நீளத்தில் பி சுருதியில் அதன் இழுவிசை ஏறத்தாழ 10.6 கிலோ எடைக்குச் சமம். சி ஷார்ப்பில் அது 13.4 கிலோ ஆகிறது. அதாவது ஒரு முழுச்சுரம் ஏற இழுவிசை 26 விழுக்காடு கூட வேண்டும். இதற்காகத் தந்தி நீளவேண்டிய அளவோ 0.7 மில்லிமீட்டருக்கும் குறைவு. அரைச்சுரத்தை 100 பங்காக்கினால் வரும் ஒரு பங்கே சென்ட். அந்தக் கணக்கில் ஒரு சென்ட் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவிலான அசைவு. தலைமயிரின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. காலால் மிதிக்கும் ஒரு கருவியிடம் எதிர்பார்க்கப்படும் துல்லியம் இது.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. பின்னல் சுற்றாத வெறும் எஃகுத் தந்தியில், ஒரே இடைவெளியை ஏறத் தேவையான நீட்சி தந்தியின் தடிமனைப் பொறுத்ததல்ல. சுருதியின் இருமடியைப் பொறுத்தது. மூன்றாம் தந்தியும் ஆறாம் தந்தியும் ஓர் ஸ்தாயி இடைவெளியில் உள்ள ஜி ஷார்ப்புகள். இரண்டும் ஒரே பெடலால் அரைச்சுரம் ஏறுகின்றன. மூன்றாம் தந்தி அதற்கு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் நகர வேண்டும். ஆறாம் தந்தியும் வெறும் எஃகாக இருந்தால் அது நகர வேண்டியது அதில் கால்பங்கு, 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. பின்னல் சுற்றிய ஆறாம் தந்தி என்றால் நடுக்கம்பி மெல்லியது என்பதால் நகர்வு கூடும். ஒரே மிதியில் இரு வேறு தூரங்கள் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிய வேண்டும். பெடல் ஸ்டீல் செய்பவர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல் இதுவே.

மூன்று வகை அமைப்புகள்

தந்தியின் வலப்பக்க முனை 'சேஞ்சர்' எனும் பகுதியில் கோத்திருக்கும். சேஞ்சரில் ஒவ்வொரு தந்திக்கும் விரல்போன்ற ஓர் உலோகத்துண்டு உண்டு. அது ஓர் அச்சில் சுழலும். அதன் வளைந்த உச்சியே தந்திக்குப் பாலமாகவும் இருக்கும். இந்த விரலை எப்படி அசைப்பது என்பதில்தான் அமைப்புகள் வேறுபடுகின்றன.

முதல்வகை 'இழு-விடு'. விரலை இழுத்துத் தந்தியை உயர்த்துவதும், ஸ்பிரிங்கால் பிடித்து வைத்திருப்பதை விடுவித்துத் தாழ்த்துவதும் இதன் வழி. 1957இல் வந்த ஃபெண்டர் 1000 இவ்வகையில் கேபிள்களைப் பயன்படுத்தியது. இதில் திறந்த சுருதியும் மிதித்த சுருதியும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் நகரும். எந்த வரிசையில் சுருதி சேர்ப்பது என்பதே தனியாகக் கற்க வேண்டிய பாடமாக இருந்தது.

இரண்டாவது 'தள்ளு-இழு'. ஷாட் ஜாக்சனுடன் சேர்ந்து ஷோ-பட் நிறுவனத்தைத் தொடங்கிய பட்டி எம்மன்ஸ் 1963இல் அதிலிருந்து விலகி, ரான் லாஷ்லியுடன் இணைந்து எம்மன்ஸ் கிட்டார் நிறுவனத்தை உருவாக்கினார். அந்நிறுவனத்தின் கருவிகளால் இவ்வமைப்பு புகழ்பெற்றது. உயர்த்த விரலை இழுக்கும், தாழ்த்தத் தள்ளும். விரல் ஒரே துண்டு. ஓய்வில் உறுதியான தடுப்பில் சாய்ந்து நிற்கும். அசையும் மூட்டுகள் குறைவு என்பதால் அதிர்வு உடலுக்குள் நன்றாகச் செல்கிறது, ஒலி செறிவாக இருக்கிறது என்பது பல வாசிப்பாளர்களின் கருத்து. குறை, அதைச் சரிசெய்வதன் கடினம். ஒரு மாற்றத்தைச் சேர்க்கவோ நீக்கவோ பொறுமையும் பழக்கமும் வேண்டும்.

மூன்றாவது 'முழு இழுப்பு'. 1960களிலும் 70களிலும் பல பட்டறைகளில் வளர்ந்து இன்று ஏறத்தாழ எல்லாப் புதிய கருவிகளிலும் இருப்பது. இதில் ஒவ்வொரு தந்திக்கும் உயர்த்தும் விரல், தாழ்த்தும் விரல் என இரண்டு துண்டுகள் கத்தரிபோல இணைந்திருக்கும். இரண்டையும் இழுக்க மட்டுமே செய்யும். தாழ்த்தும் விரலை ஒரு ஸ்பிரிங் தடுப்பில் அழுத்தி வைத்திருக்கும். பெடலை மிதித்தால் கருவியின் அடியிலுள்ள குறுக்குத்தண்டு சுழலும். அதில் பொருத்திய பெல் கிராங்க் எனும் நெம்பி இழுகம்பியை இழுக்கும். இழுகம்பியின் மறுமுனை சேஞ்சரைக் கடந்து கருவியின் வலப்பக்கத் தகட்டில் ஒரு நைலான் நட்டில் முடியும். திறந்த சுருதியைத் தலைப்பக்க முறுக்காணியில் சேர்க்கலாம். மிதித்த சுருதியை நைலான் நட்டைத் திருகிச் சேர்க்கலாம். இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. வாசிப்பவர் இருக்கையிலிருந்து எழாமலேயே எல்லாவற்றையும் முடித்துவிடலாம்.

நைலான் நட்டு மறைக்கும் பிழை

முழு இழுப்பு அமைப்பின் பெருமை இந்த நைலான் நட்டு. அதன் குறையும் இதிலேயே இருக்கிறது.

பெல் கிராங்கில் பல துளைகள் உண்டு. தண்டிலிருந்து தள்ளியுள்ள துளையில் இழுகம்பியைக் கோத்தால் ஒரே மிதிக்கு அது அதிகத் தூரம் நகரும், பெடல் கனக்கும். அருகிலுள்ள துளையில் கோத்தால் குறைவாக நகரும், பெடல் இலகுவாகும். சேஞ்சர் பக்கமும் துளைகள் உண்டு. அங்கே அச்சிலிருந்து தள்ளியுள்ள துளைக்கு நெம்பு வலிமை அதிகம், ஆனால் இழுகம்பி அதிகத் தூரம் நகர வேண்டும். ஒவ்வொரு தந்திக்கும் தேவையான நகர்வுக்கேற்ப இவ்விரண்டு துளைகளையும் தேர்ந்தால், பெடல் தொடங்கும்போது எல்லாத் தந்திகளும் அசையத் தொடங்கும். பெடல் முடியும்போது எல்லாம் முடியும்.

இந்தத் தேர்வு தவறினாலும் நைலான் நட்டு அதைச் சமாளித்துவிடும். குறைவாக நகர வேண்டிய ஆறாம் தந்திக்கு அதிகமாக நகரும் துளை அமைந்துவிட்டது என்று கொள்ளலாம். நட்டைத் தளர்த்தி இடைவெளி விட்டால் இழுகம்பி சிறிது தூரம் வெறுமனே நகர்ந்தபிறகே விரலைத் தொடும். முடிவுச் சுருதி கருவியில் அளந்து பார்த்தால் சரியாகவே இருக்கும். ஆனால் மூன்றாம் தந்தி பாதி வழி ஏறியபிறகுதான் ஆறாம் தந்தி கிளம்பும். திறந்த நிலையிலும் மிதித்த நிலையிலும் இனிமையாக ஒலிக்கும் ஸ்தாயி இணை நடுவழியில் பிசகும். மெதுவான பாடலில் பெடலை மெல்ல அழுத்தும்போது இது தெளிவாகக் கேட்கும். வாசிப்பவர் பெரும்பாலும் தன் காலைக் குறை சொல்வார். குறை காலில் இல்லை.

பழைய இழு-விடு அமைப்பிலும் தள்ளு-இழு அமைப்பிலும் வாசிப்பவருக்கு இயந்திரத்தைப் புரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. புரியாவிட்டால் கருவி சுருதியிலேயே நிற்காது. முழு இழுப்பு அமைப்பு புரியாமலும் வாசிக்க இடம் தருகிறது. அதனால் பலருக்குக் கருவி எட்டியது என்பது உண்மையான நன்மை. தொடக்கமும் முடிவும் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்ற எண்ணத்தையும் அதுவே வளர்த்தது.

சரிசெய்யும் முறை

முழு இழுப்புக் கருவியைச் சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. அதைப் பின்பற்றாமல் சுருதிமானியைப் பார்த்து நட்டைத் திருகுவதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

முதலில் எல்லா நைலான் நட்டுகளையும் தளர்த்தி, ஒவ்வொரு விரலும் ஓய்வில் தன் தடுப்பில் முழுமையாக அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். நட்டு இறுகியிருந்தால் விரல் தடுப்பைத் தொடாமல் தொங்கி நிற்கும். திறந்த சுருதி ஒவ்வொரு மிதிக்குப் பின்னும் மாறும். அடுத்தது தாழ்த்தும் விரலின் ஸ்பிரிங். அது தளர்வாக இருந்தால் தந்தியை உயர்த்தும்போது கூடும் இழுவிசை தாழ்த்தும் விரலையும் தடுப்பிலிருந்து பிடுங்கும். உயர்ந்த சுருதி எட்டாது அல்லது நிலைக்காது. ஸ்பிரிங் மிக இறுகினால் முழங்கால் லீவர் கனக்கும்.

அதன்பின் துளைகளின் தேர்வு. ஒரு பெடல் இழுக்கும் எல்லா நட்டுகளையும் விரலை ஏறத்தாழத் தொடும் அளவுக்குக் கொண்டுவந்து, மெதுவாக மிதித்து, எந்தத் தந்தி முதலில் முடிக்கிறது என்று கேட்க வேண்டும். முன்னதாக முடிப்பதற்கு நகர்வு குறைந்த துளை. பிந்துவதற்கு நகர்வு கூடிய துளை. இதன்பிறகே பெடலின் எல்லைத் தடுப்பை அமைக்க வேண்டும். நைலான் நட்டால் சுருதி சேர்ப்பது கடைசி வேலை. பலர் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்கிறார்கள்.

தாழ்த்திவிட்டுத் திரும்பும் தந்தி முன்பிருந்த சுருதிக்குச் சரியாகத் திரும்பாமல் போவதும் உண்டு. தலைப்பக்க உருளைகளில் அழுக்கு சேர்ந்திருந்தாலோ முறுக்காணியில் தந்தியின் சுற்றுகள் தளர்ந்திருந்தாலோ இது நிகழும். இதைச் சேஞ்சரின் குறை என்று கருதி நட்டுகளைத் திருகினால் பிழை இரண்டாகும்.

மரமும் கணக்கும்

இயந்திரம் எவ்வளவு சிறந்தாலும் இரண்டு சிக்கல்கள் எஞ்சுகின்றன.

ஒன்று கருவியின் உடல் வளைவது. முதல் இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதிக்கும்போது நான்கு தந்திகளில் மொத்தமாக ஏறத்தாழ 8 கிலோ எடை அளவுக்கு இழுவிசை கூடுகிறது. மேப்பிள் மரத்தாலான உடல் நுண்ணிய அளவில் வளைகிறது. ஒரு சென்ட்டுக்கு ஆயிரத்தில் சில பங்கு மில்லிமீட்டர் போதும் என்னும்போது அந்த வளைவு காதில் விழாமல் இராது. அசையாமல் இருக்க வேண்டிய ஈ தந்திகள் சில சென்ட் தாழ்கின்றன. தடித்த உடல், உறுதியான உலோகச் சட்டகம், எதிர்த்திசையில் ஈடுசெய்யும் இழுகம்பி எனப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் எடையையோ ஒலியையோ எளிமையையோ விலையாகக் கேட்கும்.

மற்றொன்று சுருதிக் கணக்கு. ஈ கூட்டில் ஜி ஷார்ப் இனிமையாக ஒலிக்க, பியானோவின் சமச்சுருதியைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்வாக இருக்க வேண்டும். முதல் பெடல் தரும் சி ஷார்ப் ஏ கூட்டில் இதே இடத்தில் வருவதால் அதுவும் தாழ வேண்டும். இந்த சி ஷார்ப்பை அடிப்படையாக்கி, ஈ தந்தியை எஃப் ஆக்கும் லீவரைச் சேர்த்தால் இன்னொரு கூட்டு பிறக்கிறது. அதில் எஃப் மேலும் 14 சென்ட் தாழ வேண்டும். மொத்தத்தில் சமச்சுருதியிலிருந்து ஏறத்தாழ 30 சென்ட் விலகல். எஃப் ஷார்ப் தந்தியின் நிலை இன்னும் கடினம். பெடல் இல்லாதபோது அது பி-யுடன் பொருந்த வேண்டும். இரண்டு பெடல்கள் மிதித்தபோது ஏ-யுடன் பொருந்த வேண்டும். இரண்டு தேவைகளுக்கும் இடையே 22 சென்ட் வேறுபாடு. பெடல் மிதிக்கும்போது எஃப் ஷார்ப்பைச் சற்றே தாழ்த்தும் தனி இழுகம்பியைச் சிலர் பொருத்துகிறார்கள். சிலர் இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் சமரசம் செய்கிறார்கள். சிலர் எல்லாவற்றையும் சமச்சுருதியில் வைத்து எஃகுத்துண்டின் நடுக்கத்தால் மறைக்கிறார்கள். இவற்றில் எதுவும் இயந்திரப் பிழை அல்ல. எந்த இயந்திரத்தாலும் தீர்வதும் அல்ல. எந்தக் கூட்டு முக்கியம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்ற இசைத் தீர்ப்பு அது. அத்தீர்ப்பு நைலான் நட்டில் எழுதப்படுகிறது.

மதிப்பீடு

பெடல் ஸ்டீல் குறித்த உரையாடல்களில் மூன்று மதிப்பீடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெடல்களும் லீவர்களும் கூடினால் கருவி சிறந்தது என்பது ஒன்று. ஆனால் கூடும் ஒவ்வொரு மாற்றமும் புதிய இழுகம்பி, புதிய உராய்வு, புதிய சமரசம். பத்து மாற்றங்கள் தவறான வழியில் செல்லும் கருவியைவிட ஐந்து மாற்றங்கள் ஒத்து நகரும் கருவி மேலானது. தள்ளு-இழு அமைப்பின் ஒலியை எதுவும் எட்டாது என்பது இரண்டாவது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அக்கருவிகளைச் சரிசெய்து வைத்திருந்தவர்கள் இயந்திரத்தை நன்கறிந்தவர்கள் என்பதும் அந்த ஒலியின் ஒரு பகுதி. முழு இழுப்பு எல்லாவற்றையும் முடித்துவைத்தது என்பது மூன்றாவது. அது முடித்தது சுருதி சேர்க்கும் தொல்லையை மட்டுமே.

பிக்ஸ்பியின் காலத்தில் கருவி ஒரு வாசிப்பாளருக்காகச் செய்யப்பட்டது. எந்தப் பெடல் எதை மாற்ற வேண்டும் என்பது வாசிப்பவரின் முடிவு. எம்மன்ஸும் டேயும் ஒரு பெடலை இரண்டாகப் பிரித்ததும் இயந்திரத்தில் கைவைத்து எடுத்த இசை முடிவுதான். இன்றும் ஒரே பெடல்களை எதிர்வரிசையில் வைக்கும் 'எம்மன்ஸ் அமைப்பு', 'டே அமைப்பு' என்ற இரு பெயர்கள் அதை நினைவூட்டுகின்றன. முழு இழுப்புக் கருவி இந்த உரிமையை முன்னெப்போதையும்விட எளிதாகத் தருகிறது. துளை மாற்ற, இழுகம்பி சேர்க்க, பெடலின் பணியையே மாற்ற அதில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் கருவி நிலையான ஈ9 அமைப்பில் வந்து சேர்கிறது. நைலான் நட்டுக்கு அப்பால் உள்ளதைத் தொடத் தேவையில்லை என்ற எண்ணமும் அதனுடன் வருகிறது. வாசிப்பவர் தன் கருவியின் அடிப்பகுதியைக் கவிழ்த்துப் பார்க்காமலேயே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

வயலின் கலைஞர் தன் விரலை எங்கே வைப்பது என்பதை வாசிக்கும் நொடியில் முடிவுசெய்கிறார். பெடல் ஸ்டீல் கலைஞர் அந்த முடிவில் பெரும்பகுதியை முன்கூட்டியே, திருகுச்சாவியால், ஒருமுறை செய்துவிட்டு மேடையேறுகிறார். அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டால், வேறொருவரின் காதில்தான் அவர் வாசிக்கிறார்.